நேரே வந்த கண்

நாலு மணிக்கு வருகிறேன் என்று தம்பி போனில் சொல்லியிருந்தான். நாலு மணி ஆக இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தங்கபுஷ்பத்துக்குத் தெரியவில்லை. எதிர்ச்சுவரில் கடிகாரம் இருக்கிறது. ஓடுகிற சத்தம்கூடக் கேட்கிறது. ஆனால் அதைப் பார்க்க இன்றைக்கு அவளிடம் இருப்பது இடது கண் மட்டும்தான், இடது கண்ணுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. வலது கண்ணில் காலையில்தான் புரை எடுத்துப் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டி அனுப்பியிருந்தார்கள், நாளைக் காலையில் பிரிப்பார்களாம். அதுவரைக்கும் இதுதான் துணை. ஐம்பத்தெட்டு வருஷமாக முகத்திலேயே குடியிருந்துகொண்டு ஒரு நாள்கூட வேலைக்குப் போகாத கண். வீட்டுக்கு வீடு ஒரு தண்டச்சோறு இருக்கத்தான் செய்யும், அவளுக்கு அது முகத்திலேயே வாய்த்துவிட்டது. கூட வந்தவங்க யாரு என்று நர்ஸ் கேட்டபோது தம்பியின் டிரைவர் நான்தான் என்று கை தூக்கினான், பாவம், அவனுக்கும் வேறு வழியில்லை. அவன்தான் மாடிப்படி ஏற்றி, கட்டிலில் உட்கார வைத்து, ஃபேனைப் போட்டுவிட்டுப் போனான். ஃபேன் சுற்றுகிறதா நிற்கிறதா என்று காற்றை வைத்துத்தான் தெரிகிறது. அண்ணாந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது, இருக்கிறது என்று நினைத்து உற்றுப் பார்த்ததும் அது இல்லாமல் போகிறது. உற்றுப் பார்க்காதே, சும்மா இரு என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். நாளைக்குப் பிரிக்கும்போது வலது கண்ணும் இப்படியே இருந்துவிட்டால் என்கிற எண்ணம் தலையைத் தூக்கியது, அதை அமுக்கிவிட்டு வேறு எதையாவது நினைக்கப் பார்த்தாள். வேறு என்ன நினைக்க. தம்பி வருகிறான். அவன் பேத்தி தன்யாவையும் கூட்டி வருகிறான். சொல்ல வேண்டும். சொல்லலாமா.

சுவரில் இருக்கிற காலண்டரில் தேதி பெரிதாகத் தனியாக இருப்பதால் அது மட்டும் ஒருமாதிரி தெரிகிறது. அதற்குக் கீழே நல்ல நேரம், ராகு காலம் என்று அச்சடித்திருப்பதெல்லாம் வெல்லத்தைக் கண்ட எறும்பாக மொய்க்கிறது. ஒன்று மட்டும் தனியாக இருந்தால் இந்தக் கண்ணுக்குத் தெரியும், நாலு சேர்ந்துவிட்டால் குழம்பிவிடும் என்று போன மாதம் டாக்டரம்மா சொன்னாள். சின்னப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. உங்க இடது கண்ணுல ஒரு குறையும் இல்லம்மா, படமெல்லாம் சரியாத்தான் விழுது, மூளைதான் அதை வாங்கிக்க மாட்டேங்குது என்றாள். குறை இல்லாத கண்ணுக்கு ஏன் தெரியவில்லை என்று இவள் கேட்டதற்கு, பொறுமையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னாள். பிறக்கும்போது மூளைக்குப் பார்க்கத் தெரியாதாம். கண் அனுப்புகிறதைப் பார்த்துப் பார்த்துத்தான் பாதை போட்டுக்கொள்ளுமாம். மாறுகண்ணாக இருந்தால் இரண்டு கண்ணும் இரண்டு இடத்தைப் பார்த்து இரண்டு படம் அனுப்பும், குழந்தையின் மூளை எதை நம்புவது என்று தெரியாமல் ஒன்றை ஒதுக்கிவிடும், ஒதுக்க ஒதுக்க, அந்தக் கண்ணுக்கு உண்டான இடத்தையும் அடுத்த கண்ணே எடுத்துக்கொள்ளும். எங்கேயோ ஆராய்ச்சியில் ஒரு பூனைக்குட்டிக்குப் பிறந்த கொஞ்ச நாளிலேயே ஒரு கண்ணைத் தைத்து வைத்திருந்து பிறகு பிரித்தார்களாம். கண் பளிச்சென்று நன்றாக இருந்ததாம், ஆனால் பூனைக்கு அந்தக் கண்ணால் பார்க்க வரவில்லையாம். அந்தப் பூனைக்குட்டி ஒரு மாதமாக இவள் மனதை விட்டுப் போகவில்லை. அதை அப்புறம் யார் வைத்துக்கொண்டார்கள் என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பெரிய ஆளுக்கு வந்தா பரவாயில்லம்மா, சின்னப் பிள்ளைங்களுக்குத்தான் ஆபத்து, ஏழெட்டு வயசுக்குள்ள நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் மறைச்சு வச்சா, வேற வழியில்லாம மூளை இந்தக் கண்ணைக் கேட்க ஆரம்பிச்சுரும், அதுக்கப்புறம் கஷ்டம், அஞ்சுல வளையாதது கதைதான் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். தன்யாவுக்கு இந்த ஆவணியோடு ஐந்து முடிகிறது.

இடம் எடுத்துக்கொள்வது என்றால் என்ன என்று தங்கபுஷ்பத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அப்பா இறந்த மறுவருஷம் டைபாய்டு வந்து ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தபோது அவளுடைய அறையில் வத்தல் மூட்டைகள் மோட்டுவரைக்கும் அடுக்கியிருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. சீசன், மண்டியில் இடமில்லை, அறை சும்மாதானே கிடக்கிறது என்று ஏற்றியிருந்தார்கள். காலியாகக் கிடக்கிற இடத்தில் மூட்டை ஏறத்தான் செய்யும். இறக்கிவிடுவோம்க்கா என்று தம்பி தனுஷ்கோடி சொன்னான், இறக்கினார்கள், மல்லி மூட்டையை ஏற்றினார்கள். அப்புறம்தான் இந்த மாடி வீடு. வாடகை தம்பி கொடுக்கிறான், அரிசி பருப்பு கடையிலிருந்து வந்துவிடுகிறது, குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். வெள்ளிக்கிழமை தோறும் காலையில் கார் வரும். அவள் போய்க் கடையில் முதல் போணி பண்ண வேண்டும், ஒரு கைப்பிடி மல்லியை அள்ளித் தராசில் போட்டுக் காசை வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டால் முடிந்தது. அப்பா காலத்தில் இருந்தே அப்படித்தான். மாறுகண் பிள்ளை வீட்டுக்கு லட்சுமி. அவள் பிறந்த வருஷம்தான் தள்ளுவண்டி கடையானது, நடக்கப் பழகிய வருஷம் கடை மண்டியானது. அவளைத் தூக்கிக் கல்லாப்பெட்டிமேல் உட்கார வைத்துவிட்டுத்தான் அப்பா ஷட்டரையே தூக்குவார். சந்தைக்கு வருகிறவர்கள்கூட ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விலை பேசுவார்கள். ஊரெல்லாம் அவள் கண்ணைப் பார்த்தது. அந்தக் கண் என்ன பார்க்கிறது என்று யாரும் கேட்டதில்லை. ஐந்து வயதில் மதுரையில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு நல்ல கண்ணைக் கட்டி வையுங்கள் என்று சொன்னாராம். அப்பா அதை மண்டியில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார், நல்லாத் தெரியுற கண்ணைக் கட்டிப் போடணுமாம், அதிர்ஷ்டத்தை நேராக்கணுமாம், இவன் டாக்டரா பில்லிசூனியக்காரனா என்று. எல்லாரும் சிரிப்பார்கள். கல்லாப்பெட்டிமேல் உட்கார்ந்து அவளும் சிரித்திருக்கிறாள். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று போன மாதம்தான் அவளுக்குப் புரிந்தது.

கீழ்வீட்டில் குக்கர் விசில் அடித்தது. சாயங்காலத்துக்குச் சுண்டல் வேகவைக்கிறார்கள் போலிருக்கிறது, அப்படியானால் மூன்றரையாவது இருக்கும். தண்ணீர் குடிக்கலாம் என்று சொம்புக்குக் கை நீட்டினாள், கை காற்றைப் பிடித்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி நீட்டினாள், விரல் பட்டுச் சொம்பு ஆடி நின்றது. இரண்டு கண்ணும் திறந்திருக்கும் நாளிலேயே இந்தத் தூரக் கணக்கு அவளுக்கு வந்ததில்லை. ஊசியில் நூல் கோத்ததில்லை, ஊற்றினால் டம்ளருக்கு வெளியே ஊற்றுவாள், கவனம் கிடையாது இவளுக்கு என்று அம்மா திட்டுவாள். அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு வாத்தியார் பெண் பார்க்க வந்தார். மற்ற வரன்கள் எல்லாம் வியாபாரக் குடும்பம், அவர்களுக்குத் தேவை கண்தான், அதனாலேயே அப்பா கொடுக்க மாட்டார், வீட்டு லட்சுமியை அடுத்த கடைக்கு அனுப்ப அவருக்கென்ன பைத்தியமா. வாத்தியாருக்குக் கண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவள் காபியைக் கொண்டுபோய் ஸ்டூல்மேல் வைத்தாள். ஸ்டூல் அங்கே இல்லை, ஒரு விரற்கடை தள்ளி இருந்தது. காபி முழுக்க அவர் வேட்டியில். எல்லாரும் பதறி எழுந்த கலவரத்தில் அவர் மட்டும் அவளைப் பார்த்துச் சன்னமாக, உங்களுக்கு இந்தப் பக்கம் தெரியாதோ என்று கேட்டார். கேலியில்லை. தலைவலியா என்று கேட்பதுபோலக் கேட்டார். நல்லாத் தெரியும் என்று அவள் சொன்னாள். அவர் போன பிறகு, வாத்தியாருக்கு எதுக்கு லட்சுமி, அவருக்குச் சரஸ்வதி போதும் என்று அப்பா முடித்துவிட்டார். முகம்கூட இப்போது சரியாக நினைவில்லை, வேட்டியில் பரவிய காபிக்கறைதான் நினைவிருக்கிறது. அந்தக் கேள்வியை அவருக்கு முன்னாலும் யாரும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. ஒரு மனுஷரோடு கூட இருந்து பழகுவதற்கும் இப்படி ஒரு வயது இருக்குமோ, அதற்குள் பழகாவிட்டால் அந்த இடத்திலும் மூட்டை ஏறிவிடுமோ என்று தோன்றியது. இருக்கலாம். இந்த வீட்டில் இருட்டுகிற நேரத்துக்கு டிவியைப் போட்டு வைக்கிறாள், பார்ப்பதற்கில்லை, குரலுக்காக. அவளுக்குத் தனியாக இருப்பது பயமாக இருக்கிறது, எப்போதுமே பயமாகத்தான் இருந்தது, அதைச் சொல்லவும் ஆள் வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை கார் வருகிறது. அது ஒன்றுதான். அன்றைக்குத் தம்பியின் மருமகள் காபி போட்டுத் தருவாள், தம்பி பக்கத்தில் உட்கார்ந்து என்னக்கா என்று கேட்பான், தன்யா மடியில் ஏறுவாள். இந்த வெள்ளிக்கிழமை இன்னும் விசேஷம், தம்பி மகன் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏசி போட்டு சூப்பர் மார்க்கெட் திறக்கிறான், அவள்தான் ரிப்பன் வெட்ட வேண்டும். பாப்பாவும் உன் கையைப் பிடிச்சுக்கட்டும்க்கா, உனக்கு அப்புறம் அவதானே என்று தம்பி போனில் சொன்னபோது குரலில் அப்படி ஒரு சந்தோஷம். தன்யாவின் இடது கண் பிறந்த ஆறாம் மாதமே மூக்கைப் பார்த்துத் திரும்பிவிட்டது. அதற்கு வீட்டில் பாயசம் வைத்தார்கள். தங்கபுஷ்பமும் குடித்தாள்.

சொல்லிவிடலாம். தம்பி, பிள்ளைக்கு அந்தக் கண் தெரியாது, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. இவ்வளவுதான், வாயைத் திறந்தால் ஒரு நிமிஷம். சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பான். எனக்கும் அந்தக் கண் தெரியாது என்று சொல்ல வேண்டும். அப்புறம் வெள்ளிக்கிழமை எதற்குக் கார் வரும்? நொள்ளைக் கண்ணைக் கூட்டிப்போய் யாராவது கடை திறப்பார்களா? சொல்லாமல் விட்டால் என்ன, பிள்ளைக்கு ஒரு கண் இருக்கிறது, அவளுக்கும் ஒரு கண்தானே இருந்தது, வாழவில்லையா. வாழ்ந்தாளா. நாளைக்குப் பிரித்த பிறகு சொல்லலாம், வலது கண் நன்றாக வந்துவிட்டது என்று தெரிந்தபிறகு தைரியம் வரும். வெள்ளிக்கிழமை கழித்துச் சொல்லலாம். தீபாவளிக்கு அப்புறம் சொல்லலாம். இப்படித்தான் பிள்ளைக்கு ஏழும் எட்டும் ஆகிவிடும். படியில் செருப்புச் சத்தம் கேட்டது, கூடவே குட்டிக் கொலுசுச் சத்தமும்.

"அக்கா, கதவைத் திறந்தா போட்டிருக்க?" வாசலில் ஒரு வெள்ளை உருவம், கீழே ஒரு சிவப்பு. வெள்ளை தம்பி, சிவப்பு தன்யா.

"எந்திரிச்சுத் திறக்க முடியாதுன்னு டிரைவர் தம்பி அப்படியே விட்டுட்டுப் போனான். உள்ள வாங்க."

"வலிக்காக்கா?"

"வலிக்கல. மரமரன்னு இருக்கு."

வெள்ளை கிட்டே வந்து நின்றது. "அக்கா." குரல் மாறியிருந்தது. "என்னக்கா இது, உன் கண்ணு..."

"என்ன?"

"நேரா இருக்கு. இடது கண்ணு நேரா நடுவுல இருக்கு. சரிபண்ணிட்டானுகளா? யாரைக் கேட்டுப் பண்ணுனானுக? வலதுதான ஆபரேஷன்? அக்கா, வெள்ளிக்கிழமை திறப்பு விழா, பத்திரிகை கொடுத்தாச்சு."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு டாக்டரம்மா ஒரு அட்டையால் அவள் வலது கண்ணை மறைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற பெண்ணிடம், மூடினதும் நேரா வருது பாரு என்று சொன்னது நினைவுக்கு வந்தது. நல்ல கண் இல்லாதபோது சும்மாயிருக்கிற கண் வேலைக்கு வந்து நிற்குமாம். வந்துதான் நிற்கும், வேலை தெரியாது. அதை அவளால் ஒருநாளும் பார்த்துக்கொள்ள முடியாது. கண்ணாடியில் பார்க்க வேண்டுமென்றால் வலது கண்ணைத் திறக்க வேண்டும், திறந்ததும் இது மூக்கைப் பார்த்து ஓடிவிடும். தன் முகம் நேராக இருக்கும் என்பதே அவளுக்குத் தம்பி சொல்லித்தான் தெரிகிறது. இத்தனை வயதுக்கு மேல், அதுவும் அவன் பதறிக்கொண்டு சொல்லி. "நாளைக்குக் கட்டுப் பிரிச்சா பழையபடி திரும்பிரும்டா, பயப்படாத" என்றாள். வாய் அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது. தம்பி அப்பாடா என்று பெருமூச்சு விட்டு நாற்காலியில் உட்கார்ந்தான், லட்டுப் பெட்டியைப் பிரித்தான், பேச்சு ஏசிக்கும் டைல்ஸுக்கும் போய்விட்டது. அவ்வளவுதான், முடிந்தது. இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வெள்ளிக்கிழமை கார் வரும். பாப்பா, பெரியாச்சிகிட்ட போ என்றான். சிவப்பு வந்து மடியில் ஏறியது. தேங்காயெண்ணெயும் பவுடரும் கலந்த வாசனை, சூடான சின்ன முதுகு. தனியாக ஒன்று மட்டும் இருந்தால் தெரியும் என்று சொன்னார்களே, இவ்வளவு கிட்டே வைத்துக்கொண்டு பார்த்தும் தன்யாவின் முகம் அவளுக்குச் சேரவில்லை. கண் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம், மொய்க்கிறது. இந்தப் பிள்ளையும் ஒரு நாள் ஐம்பத்தெட்டு வயதில் ஒரு அறையில் உட்கார்ந்து ஃபேன் சுற்றுகிறதா என்று யோசிக்கும். அவளுடைய கை தானாக எழுந்து, தடவித் தடவிப் பிள்ளையின் வலது கண்ணைக் கண்டுபிடித்துப் பொத்தியது.

"தன்யாக்குட்டி, ஆச்சி மூக்குத்தி எங்கே, தொடு பாப்போம்."

சின்ன விரல் கன்னத்தில் குத்தியது. பிறகு காதுப்பக்கம் போனது. "ஆச்சி, கையை எடு. சரியாத் தெரியல." குரலில் அழுகை வந்துவிட்டது.

"என்னக்கா பண்ணுற? புள்ளையை ஏன் அழ வைக்க?"

"தம்பி, இங்க வா. கிட்ட வந்து இவ இடது கண்ணைப் பாரு. நேரா வந்துருக்கா? எனக்குத் தெரியாது, நீதான் பாத்துச் சொல்லணும்."

வெள்ளை குனிந்தது. அவன் மூச்சு அவள் கைமேல் பட்டது. "வந்துருக்கு" என்றான்.

"வந்தும் அதுக்கு ஒண்ணும் தெரியல பாத்தியா. எனக்கும் அப்படித்தான்."

"எப்ப இருந்து?"

"எப்பவுமே."

தன்யா அவள் கையைப் பிடுங்கித் தள்ளிவிட்டுத் தாத்தாவிடம் ஓடினாள். தங்கபுஷ்பம் வெறும் மடியோடு உட்கார்ந்து, டாக்டரம்மா சொன்னதையெல்லாம் முன்னும் பின்னுமாகச் சொன்னாள், பாதை, படம், ஏழெட்டு வயது, பூனைக்குட்டியைக்கூட விடவில்லை. "நல்ல கண்ணைத் தினம் கொஞ்ச நேரம் மறைச்சு வைக்கணும்டா. புள்ள அழும். அழட்டும்."

"அப்பா இதைத்தான..."

"ஆமா. அப்பா சிரிச்சாரு. நாமளும் சிரிச்சோம்."

"அப்ப இத்தனை வருஷமா நீ கடையில..."

"அதிர்ஷ்டமெல்லாம் ஒண்ணுமில்ல தனுஷ்கோடி. இது குருடு."

அவன் நாற்காலியை நகர்த்திப் போட்டுவிட்டு எழுந்தான். கோபமா, வருத்தமா, முகம் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாள். லட்டுப் பெட்டியை மூடி அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தான். "நாளைக்குக் கட்டுப் பிரிக்கப் போக டிரைவரை அனுப்புறேன்" என்றான். வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வா பாப்பா என்றான். செருப்பும் கொலுசும் வாசலைத் தாண்டிப் படியிறங்கத் தொடங்கின. கூப்பிடலாம், தம்பி, நான் சும்மா சொன்னேன், ஆபரேஷன் பயத்தில் உளறிவிட்டேன் என்று சொல்லலாம், இன்னும் நேரமிருக்கிறது, படி முடியவில்லை. அவள் வாயைத் திறந்தாள்.

படி திரும்புகிற இடத்தில் சத்தம் நின்றது. இரண்டு சத்தமும் நின்றது. பிறகு தன்யாவின் குரல் மேலே வந்தது. "கையை எடுங்க தாத்தா. படி தெரியல." கொலுசு ஒரு தடவை குலுங்கியது. "எடுங்க தாத்தா, தெரியல." கொஞ்ச நேரம் கழித்துச் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது, மெதுவாக, கனத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிற ஆளின் சத்தம்.

வெள்ளிக்கிழமை கார் வராது. அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கதவைச் சாத்தலாம் என்று சுவரைப் பிடித்து எழுந்துபோய்த் தாழ்ப்பாளுக்குக் கை நீட்டினாள், அது ஒரு சாண் தள்ளி இருந்தது. அங்கேயே நின்றாள். அழுகை வந்தது. கட்டுக்குள்ள ஈரம் படக்கூடாது, அழுதுராதீங்க என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வலது பக்கத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இடது கண் நேராகப் பார்த்துக்கொண்டு அழுதது. அந்த ஒரு வேலை மட்டும் அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்திருந்தது.